ஏரிக்கரையில் நிற்கும் கார்

ஜனவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

சுண்டெலி எழுதுவது. நானும் அப்பாவும் நலம். அங்கே குளிரில் உன் சைனஸ் தலைவலி தேவலையா? அத்தானுக்கு வெளிநாட்டுக்கு இடமாற்றம் கிடைத்தாலும் கிடைத்தது, உன் மூக்குதான் பாவம்.

போனை விட்டுவிட்டு இதென்ன கடிதம் என்று அத்தான் சிரிப்பார். சிரிக்கட்டும். நாம் இரண்டு பேரும் போனில் பேசினால் கொஞ்ச நேரத்தில் யாராவது ஒருத்தி கோபத்தில் வைத்துவிடுகிறோம். அதோடு அப்பா கூடத்தில் உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டிருப்பார். இது அப்பாவைப் பற்றிய விஷயம். ஆகவே தபால்காரருக்குக் கொஞ்சம் வேலை கொடுக்கிறேன்.

முழங்கால் ஆபரேஷனுக்குப் பிறகு அப்பா ஆஸ்பத்திரியைத் தவிர எங்கும் போகவில்லை. என் ஸ்கூட்டரில் காலைத் தூக்கிப் போட்டு உட்கார அவரால் முடியாது. டாக்ஸி கூப்பிட்டால், "ஆயுசு முழுக்க பஸ் ஓட்டினவன் நான். எவனோ ஓட்ட நான் பின்னாடி உக்காரணுமா?" என்கிறார். நீ இங்கே இருந்தவரை ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஏரிக்கரைக்குக் கூட்டிப்போவாய். இப்போது ஞாயிற்றுக்கிழமை என்றால் ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, தெருவில் போகிற ஒவ்வொரு டிரைவரையும் பெயர் வைத்துத் திட்டுகிறார்.

நான் ஒரு கார் வாங்கலாம் என்று இருக்கிறேன். நான் பல் செட் செய்யும் லேபுக்கு எதிரே பழைய கார்கள் விற்கிற யார்டு ஒன்று இருக்கிறது. அங்கே ஒரு எலெக்ட்ரிக் கார். என்னால் கட்டுப்படியாகிற விலை. அவ்வளவு மலிவாக இருப்பதுதான் கொஞ்சம் உதைக்கிறது. நீ இன்சூரன்ஸ் கம்பெனியில் நொறுங்கிய வண்டிகளையே பார்த்துப் பழகியவள், அதனால் கேட்கிறேன். எதையெல்லாம் பார்த்து வாங்கவேண்டும்?

உன் காரைக் கேட்கமாட்டேன், பயப்படாதே. திரும்பி வந்தால் ஓட்டவேண்டும் என்று உன் பழைய ஃபிளாட்டின் கீழ்த்தளத்தில் உறை போட்டு வைத்திருக்கிறாய் என்று தெரியும்.

டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்து லைசென்ஸ் வாங்கிவிட்டேன். உனக்கு டிப்போ மைதானத்தில் அப்பாவே சொல்லிக்கொடுத்தார். எனக்கு, "உனக்குக் கை பதட்டம்மா, வேணாம்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். அரிசி அளவு பல்லை நூலிழை பிசகாமல் பதிக்கிற கை இது! சரி, போகட்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமையாவது அப்பா என் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்து வரவேண்டும். என் ஆசை அவ்வளவுதான்.

உன் மூக்கையும் அத்தானையும் பத்திரமாகப் பார்த்துக்கொள்.

உன் தங்கை


ஜனவரி 25

அன்புள்ள சுண்டெலிக்கு,

நாங்கள் இருவரும் நலம். அப்பா படியேறும்போது கைப்பிடியைப் பிடிக்கிறாரா? பிடிக்கமாட்டார். பிடிக்கச் சொல்.

மலிவான பழைய எலெக்ட்ரிக் காரைப் பற்றிக் கேட்டாய். ஒரே வரியில் பதில் வேண்டுமானால், வாங்காதே.

விவரமாக வேண்டுமானால் கேள். பெட்ரோல் காரில் என்ஜின் கெட்டால் பிரித்து மேய்ந்து ஓட்டிவிடலாம். இதில் பேட்டரிதான் கார். அது போனால், புது பேட்டரி நீ கொடுத்த மொத்த விலையையும் தாண்டும். அந்தக் கார் டாக்ஸியாக ஓடியதா என்று கேட்டாயா? டாக்ஸிக்காரர்கள் தினமும் வேக சார்ஜரில் போட்டுப் போட்டு பேட்டரியைச் சக்கையாக்கியிருப்பார்கள். வெள்ளத்தில் நின்ற வண்டியா? எங்கள் மேஜைக்கு வரும் கேஸ்களில் அதுதான் மோசம். மேலே பளபளவென்று துடைத்திருப்பான். சீட்டுக்கு அடியில் இருக்கும் இரும்பைத் தடவிப் பார்த்தால்தான் துரு கையில் ஒட்டும். வாரன்டி உன் பெயருக்கு மாறுமா, மாறாதா? சார்ஜ் போடும் பிளக் பழைய மாடலா? பழைய மாடல் என்றால் ஊரில் பாதி சார்ஜர் உனக்கு உதவாது. உங்கள் ஃபிளாட் செயலாளர் கீழே சார்ஜ் போட விடுவாரா? மொட்டை மாடியில் துணி காயப்போட்டதற்கே நோட்டீஸ் ஒட்டிய மனிதர்.

இவ்வளவையும் தாண்டி நீ வாங்கினாலும் இன்னொன்று இருக்கிறது. சொன்னால் கோபித்துக்கொள்ளாதே. நீ ஓட்டினால் அப்பா ஏறமாட்டார். வீணாக ஏன் ஆசைப்படுகிறாய்? நான் அடுத்த வருடம் லீவில் வரும்போது அவரைக் கூட்டிப்போகிறேன். என்னிடம்தான் அவர் வாயை மூடிக்கொண்டு உட்காருவார்.

ஞாயிறு சாயங்காலம் வழக்கம்போல அப்பாவிடம் பேசுகிறேன். நான் வேலை விட்டு வருகிற வேளையில் அங்கே அவர் தூங்கிவிடுகிறார். எனக்கு ஞாயிற்றுக்கிழமையை விட்டால் வேறு நாள் இல்லை.

நேரத்துக்குச் சாப்பிடு. லேபில் முகமூடி போட்டுக்கொள், பல் தூசி நுரையீரலுக்கு ஆகாது.

அக்கா


பிப்ரவரி 8

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று தொடங்கினாலும், உன் கடிதத்தைப் படித்த பிறகு என் ரத்த அழுத்தம் மட்டும் நலமாக இல்லை.

பிறந்தநாள் கேக்கில் மெழுகுவர்த்தி ஏற்றினாலே வீடு பற்றிக்கொள்ளுமோ என்று பார்க்கிறவள் நீ. ஆனாலும் நீ சொன்னதை எல்லாம் செய்தேன். யார்டுக்காரரிடம், "டாக்ஸியா ஓடுச்சா?" என்று கேட்டதற்கு, "ஒரு டீச்சரம்மா வச்சிருந்தாங்க மேடம். ஸ்கூல், வீடு, ஸ்கூல், வீடு. அவ்வளவுதான்" என்றார். பின் சீட்டைத் தூக்கிப் பார்த்தால் அந்த டீச்சரம்மா ஊரில் உள்ள அத்தனை ஹோட்டல் கார்டுகளையும் விட்டுவிட்டுப் போயிருக்கிறார்.

பேட்டரி எப்படி என்று கேட்டேன். "கல்லு மாதிரி இருக்கு மேடம்." சரி, முழுதாக சார்ஜ் ஏற்றிக் கொடுங்கள், நானே ஓட்டிப் பார்க்கிறேன் என்று எடுத்துப் போனேன். சார்ஜ் பாதிவரை ஒழுங்காகத்தான் இறங்கியது. மேம்பாலம் ஏறும்போது நாற்பது சதவீதத்தில் இருந்த முள் சடசடவென்று பன்னிரண்டுக்கு விழுந்துவிட்டது. பாலத்தின் உச்சியில் ஏசியை அணைத்துவிட்டு உருட்டிக்கொண்டே இறங்கினேன். அப்பாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இப்படி நின்றுபோனால் காலத்துக்கும் சொல்லிக்காட்டுவார். கல் மாதிரி என்றாரே, கல் ஓடுமா?

இருந்தாலும் அவர் இன்னும் விலையைக் குறைக்கிறேன் என்கிறார். ஏரிக்கரை போய்வர முழு சார்ஜில் கால்வாசிகூட வேண்டாம். தூரப் பயணத்துக்கா வாங்குகிறேன்? மேம்பாலத்தைத் தவிர்த்து ஊருக்குள்ளேயே சுற்றிப் போகலாம். பேட்டரி இன்னும் ஒரு வருடம் தாங்கினால்கூட எனக்குப் போதும் என்றுதான் மனசு கணக்குப் போடுகிறது. செயலாளரிடமும் பேசிவிட்டேன். அவருடைய மேல்வரிசைப் பல் செட் எங்கள் லேபில்தான் தயாராகிறது. வாயைத் திறந்து மறுக்க முடியவில்லை.

நான் ஓட்டினால் அப்பா ஏறமாட்டார் என்று எழுதியிருக்கிறாய். அதை நீ எழுதும்போது உனக்குக் கொஞ்சம் சந்தோஷமாகத்தான் இருந்திருக்கும். கையெழுத்தே அழகாக இருக்கிறது.

மாதக் கடைசி சனிக்கிழமை முன்பணம் கொடுக்கலாம் என்று இருக்கிறேன். அத்தானை விசாரித்ததாகச் சொல்.

சுண்டெலி


பிப்ரவரி 14

சுண்டெலி,

இதைக் கூரியரில் அனுப்புகிறேன். நீ சொன்ன சனிக்கிழமைக்குள் கிடைக்கவேண்டும். முன்பணம் கொடுக்காதே. நாற்பதிலிருந்து பன்னிரண்டுக்கு விழுகிற பேட்டரி நாளைக்கு நாற்பதிலிருந்து பூஜ்யத்துக்கு விழும். அந்தக் காரில் நீ அப்பாவை ஏற்றக்கூடாது.

என் காரை எடுத்துக்கொள்.

உன் அத்தான் ஆறு மாதமாக, "சும்மா நிக்குது, தங்கச்சிக்குக் குடுத்துடேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான்தான் தள்ளிப்போட்டேன். காரணம் கேட்காதே. நேற்று உன் கடிதத்தைப் படித்துவிட்டு வெகுநேரம் யோசித்தேன். நீ எப்படியும் ஏதோ ஒரு காரை வாங்கத்தான் போகிறாய். அப்பா உட்கார்ந்தால் என் காரில்தான் உட்காரட்டும். முன் சீட்டை அவர் காலுக்கு ஏற்றபடி பின்னால் தள்ளி வைத்திருக்கிறேன். அதை மாற்றாதே.

சும்மா கொடுத்தால் வாங்கமாட்டாய், எனக்குத் தெரியும். யார்டுக்காரர் கேட்டதில் பாதி கொடு. இதுவும் எலெக்ட்ரிக்தான், அக்கா என்பதற்காகக் குறையை மறைக்கமாட்டேன். பேட்டரி புதிதில் இருந்ததில் முக்கால் பங்குதான் இப்போது. வெயிலில் இன்னும் கொஞ்சம் குறையும். பின்பக்க வலது கதவு உள்ளிருந்து திறக்காது. அத்தானின் நண்பர் வாரம் ஒருமுறை ஓட்டி வைத்ததால் நின்று கெட்டுப்போகவில்லை. பேட்டரி வாரன்டி இன்னும் இருக்கிறது.

கார் கம்பெனியின் ஆப் மட்டும் என் பெயரிலேயே இருக்கும். அதை மாற்ற நான் நேரில் கையெழுத்துப் போடவேண்டுமாம். லீவில் வரும்போது பார்த்துக்கொள்ளலாம். ஓட்டுவதற்கு அது தேவையில்லை.

சாவி நண்பரிடம் இருக்கிறது. மெதுவாக ஓட்டு. அப்பாவின் மருந்தை மறக்காதே.

அக்கா


மார்ச் 16

அன்புள்ள அக்காவுக்கு,

நீயும் அத்தானும் நன்றாக இருக்கவேண்டும். இருப்பீர்கள், என் வாழ்த்து அப்படி.

கார் வந்துவிட்டது! சத்தமே இல்லை. தெரு நாய்கூட எழுந்து வழி விடமாட்டேன் என்கிறது. லேபில் எல்லோரும் கீழே வந்து பார்த்தார்கள். மெழுகு வார்க்கும் அண்ணன் முன்னாலும் பின்னாலும் சுற்றிவந்து, "இதுக்கு சைலன்சர் எங்கம்மா?" என்று தேடினார்.

முக்கியமான சேதிக்கு வருகிறேன். அப்பா ஏறினார். போன ஞாயிற்றுக்கிழமை. சட்டை மாற்றிக்கொண்டு, தலை வாரிக்கொண்டு, முன் சீட்டில், என் பக்கத்தில். சீட்டை நீ வைத்தபடியேதான் வைத்திருக்கிறேன். ஏரிக்கரைவரை போனோம். திருப்பங்களில் அவர் கால் தானாக பிரேக்கை மிதித்தது. அங்கே பிரேக் இல்லை என்று அவர் காலுக்குத் தெரியவில்லை. கண்ணாடியை இறக்கிவிட்டு ஐஸ்கிரீம் சாப்பிட்டார். திரும்பும்போது, "நல்லாத்தான் ஓட்டுற" என்றார். அக்கா, நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டே அழுதுவிட்டேன். நல்லவேளை, அவர் எதிரே வந்த லாரிக்காரனைத் திட்டிக்கொண்டிருந்தார்.

இனி ஒவ்வொரு ஞாயிறும் போவதாகத் திட்டம். உனக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. மேல்வரிசையில் எப்போதாவது பல் விழுந்தால் சொல், முத்து மாதிரி செய்து அனுப்புகிறேன்.

பாசத்துடன்
தங்கை


ஏப்ரல் 7

அன்புள்ள தங்கைக்கு,

நலம். இங்கே வேலை அதிகம், அதனால் பதில் எழுதத் தாமதம்.

அப்பா ஏறியது சந்தோஷம். அவர் ஐஸ்கிரீம் சாப்பிடக்கூடாது, சர்க்கரை இருக்கிறது. நான் கூட்டிப்போகும்போது வாங்கித் தந்ததே இல்லை.

காரை ஏரியின் மேற்குக் கரையில் நிறுத்தாதே. அங்கே ஒரு மரம்கூடக் கிடையாது, வெயில் நேரே காரின் மேல் விழும், பேட்டரிக்கு ஆகாது. நான் எப்போதும் கிழக்குக் கரையில்தான் நிறுத்துவேன். பேட்டரியை எண்பதுக்கு மேல் ஏற்றாதே. போன வாரம் முழுக்க நூறுக்கு ஏற்றியிருக்கிறாய். லேபுக்கு நடந்து போகிற தூரம்தானே, புதன்கிழமை எதற்குக் காரை எடுத்தாய்? ஞாயிற்றுக்கிழமை அவ்வளவு நேரம் அங்கே என்ன பேசுவீர்கள்? அப்பாவால் அத்தனை நேரம் உட்கார முடிகிறதா? முட்டி வலிக்குமே.

வேறு விசேஷம் இல்லை.

அக்கா


ஏப்ரல் 20

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் சௌக்கியம். அப்பா முன்பைவிட சௌக்கியம்.

நான் நூறுக்கு ஏற்றியதும் மேற்குக் கரையில் நிறுத்தியதும் உனக்கு எப்படித் தெரிந்தது? மூக்கடைப்போடு ஞானக்கண்ணும் வந்துவிட்டதா?

என்ன பேசுவோம் என்று கேட்டிருக்கிறாய். என்னதான் பேசவில்லை! டிப்போ கதைகளைச் சொல்லத் தொடங்கினால் அப்பாவை நிறுத்த முடிவதில்லை. பிரேக் பிடிக்காத பஸ்ஸை மேட்டில் ஏற்றி நிறுத்தினாராம், அந்தக் கதை உனக்குத் தெரியுமா? தெரிந்திருக்காது. என்னிடம்தான் முதல்முறையாகச் சொல்கிறாராம். ஒவ்வொரு ஞாயிறும் விளக்கு வைக்கும்வரை அங்கேயேதான் இருக்கிறோம். கிளம்பலாம் என்றால், "இன்னும் கொஞ்ச நேரம் இரும்மா" என்கிறார்.

காரில் ஒரு விசித்திரம். இறங்கி நடந்துவிட்டுத் திரும்பி வந்தால் ஏசி தானாகவே ஓடி, உள்ளே ஜில்லென்று இருக்கிறது. நான் அணைத்துவிட்டுத்தான் போகிறேன். வயர் எங்கேயாவது உரசுகிறதா? பழைய எலெக்ட்ரிக் காரில் இப்படியும் ஒரு ஆபத்து உண்டா? உன் பட்டியலில் இது இல்லையே.

அப்பா உன்னை விசாரித்ததாக எழுதச் சொல்லவில்லை. மறந்திருப்பார். நான் விசாரிக்கிறேன்.

தங்கை


மே 11

தங்கைக்கு,

ஏசியைப் போட்டது நான்தான். வயர் ஒன்றும் உரசவில்லை. ஆப் என் போனில் இருக்கிறது. கார் எங்கே நிற்கிறது, எவ்வளவு சார்ஜ் என்று எல்லாம் காட்டும். இங்கிருந்தே ஏசியும் போடலாம். வெயிலில் நின்ற காரில் அப்பா ஏறினால் அவருக்கு மூச்சு முட்டும். அதற்காகப் போட்டேன்.

அதற்காக மட்டும் பார்க்கவில்லை என்பதையும் எழுதிவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை ஆனால் போனும் கையுமாக உட்கார்ந்துவிடுகிறேன். புள்ளி நகரும். நம் தெரு, மார்க்கெட், ரயில்வே கேட், ஏரி. அங்கே போய் நின்றுவிடும். நானும் இங்கே அப்படியே நின்றுவிடுவேன். உன் அத்தான் சாப்பிடக் கூப்பிட்டால் எரிந்து விழுகிறேன். பொறாமைதான். வேறு பேர் வைக்க எனக்குத் தெரியவில்லை. என் கார், என் வழி, என் சீட், என் அப்பா என்று எழுதிவிட்டு, கடைசிச் சொல்லை மட்டும் அடித்து 'நம் அப்பா' என்று திருத்தினேன். திருத்திய பிறகும் மனசு ஆறவில்லை.

பிரேக் பிடிக்காத பஸ் கதையை அப்பா என்னிடம் சொன்னதில்லை. ஒருமுறைகூட.

ஏரிக்கரைக்கு நீங்கள் போகத் தொடங்கியதிலிருந்து ஞாயிற்றுக்கிழமை போன் செய்வதை விட்டுவிட்டேன். கவனித்திருப்பாய். நீங்கள் இரண்டு பேரும் சந்தோஷமாகப் பேசிக்கொண்டிருக்கும்போது நடுவில் நான் எதற்கு? கார் ஏரிக்கரையில் நிற்பதைப் பார்ப்பேன், போனைக் கவிழ்த்து வைத்துவிடுவேன். அப்பாவும் ஏன் போன் செய்யவில்லை என்று ஒரு வார்த்தை கேட்டனுப்பவில்லை. அவருக்குத் தேவைப்படவில்லை.

இன்சூரன்ஸ்காரியாக ஒரு யோசனை சொல்கிறேன். எலெக்ட்ரிக் காரின் விலை வருடத்துக்கு வருடம் மளமளவென்று இறங்குகிறது. புது மாடல்கள் வருகின்றன. வாரன்டி முடிந்தால் ஒருவனும் வாங்கமாட்டான். இப்போதே விற்றுவிடுவது உனக்கு நல்லது.

இந்த யோசனையில் என் சுயநலம் எவ்வளவு என்று நீயே கணக்குப் போட்டுக்கொள்.

அக்கா


ஜூன் 3

சுண்டெலி,

பதில் இல்லை. கோபமாக இருப்பாய், இரு. ஆனால் இரண்டு ஞாயிறாகக் கார் வீட்டை விட்டு நகரவில்லை. சார்ஜ் போட்டது போட்டபடி இருக்கிறது. அப்பாவுக்கு உடம்புக்கு ஏதாவதா? முட்டி மறுபடி வீங்கிவிட்டதா?

போனை எடுக்கிறேன், வைக்கிறேன். இத்தனை வாரம் பேசாமல் இருந்துவிட்டு இப்போது அப்பா எடுத்தால் என்னவென்று தொடங்குவது? நான் எழுதியதற்கு நீ பதில் போடாதபோது நானே வலியக் கூப்பிடவும் ரோஷம் விடவில்லை. விற்கச் சொன்னேனே, அதை மறந்துவிடு. விற்காதே. அவரைக் கூட்டிப்போ. மேற்குக் கரையிலேயே நிறுத்திக்கொள்.

ஒரு வரி எழுது, அது போதும்.

அக்கா


ஜூன் 14

அன்புள்ள அக்காவுக்கு,

அப்பாவுக்கு ஒன்றுமில்லை. உன் கடிதம் வந்த உடனே அத்தானுக்குப் போனில் ஒரு வரி தட்டிவிட்டேன், பார்த்திருப்பாய். மிச்சத்தை அப்படித் தட்டிவிட முடியாது. போனிலும் என் வாயில் வராது. அதனால்தான் எழுதுகிறேன்.

அப்பா இந்தக் காரில் ஏறியது ஒரே ஒரு ஞாயிறு. நான் எழுதினேனே, அந்த முதல் ஞாயிறு மட்டும். "நல்லாத்தான் ஓட்டுற" என்று அவர் சொல்லவில்லை. அது நானாகச் சேர்த்தது. அவர் சொன்னது, "பெரியவ இந்தத் திருப்பத்துல இப்படி வெட்ட மாட்டா." போகும்போது ஒருதரம், வரும்போது ஒருதரம். ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு அழுதது மட்டும் நிஜம். அடுத்த ஞாயிறு கூப்பிட்டேன். "முட்டி வலிக்குது, நீ போய்ட்டு வா" என்றார். அதற்கு அடுத்த ஞாயிறும் அதே முட்டி. அதற்குப் பிறகு நான் கூப்பிடவில்லை.

ஆனாலும் காரை எடுத்துக்கொண்டு போனேன். வீட்டில் இருந்தால் நானும் அவரும் ஆளுக்கொரு சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கவேண்டும். ஏரிக்கரையில் நிறுத்தி, கொஞ்ச தூரம் நடந்துவிட்டு, காருக்குள்ளேயே உட்கார்ந்திருப்பேன். பக்கத்துச் சீட் நீ தள்ளி வைத்தபடியே காலியாக இருக்கும்.

நீ பார்க்கிறாய் என்று உன் ஏப்ரல் மாதக் கடிதத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. சர்வீஸ் சென்டரில் கேட்டேன். "வேற யாரோ போன்ல இருந்து ஏசி போடறாங்க மேடம், பழைய ஓனரா இருக்கும்" என்றார்கள். தெரிந்த பிறகு நான் என்ன செய்திருக்கவேண்டும்? உனக்கு எழுதியிருக்கவேண்டும். எழுதவில்லை. இன்னும் அதிக நேரம் நிறுத்தினேன். விளக்கு வைத்த பிறகும் நிறுத்தினேன். நீ அங்கே பார்த்துப் பார்த்து வேகட்டும் என்று இருந்தேன். பிறந்ததிலிருந்து உன்னைப் பார்த்து நான் வெந்திருக்கிறேன். என்னைப் பார்த்து நீ வேகிற ஒரு நாள் வரும் என்று நினைத்ததே இல்லை. அந்த ருசியை விட மனசு வரவில்லை. பிரேக் பிடிக்காத பஸ் கதை நான் கட்டியது. அப்படி ஒன்று நடந்ததா என்றே எனக்குத் தெரியாது.

அப்பாவுக்காக நீ குளிரவைத்த காரில், ஒவ்வொரு வாரமும் நான் தனியாக ஏறி உட்கார்ந்தேன்.

நீ போன் செய்வதை நிறுத்தியது எனக்குத் தெரியாது, அக்கா. சத்தியமாகத் தெரியாது. நான்தான் அந்த நேரத்தில் வீட்டிலேயே இல்லையே. அப்பாவும் சொல்லவில்லை. அவர் சொல்லிவிடுவாரா என்ன? உன் மே மாதக் கடிதத்தைப் படித்துவிட்டுத்தான் இரண்டு ஞாயிறும் காரை எடுக்காமல் வீட்டிலேயே இருந்தேன்.

சாயங்காலம் ஆனதும் எழுந்து முகம் கழுவினார். அந்த நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டார். தலை வாரினார். என்னோடு வரத்தான் கிளம்புகிறார் என்று நினைத்துச் சாவியை எடுத்துவிட்டேன். "எங்கப்பா, கிளம்பலாமா?" என்றேன். "நான் எங்கயும் வரலம்மா. பெரியவ போன் பண்ற நேரம்" என்றார். கைப்பேசியை மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். போனில் முகம்கூடத் தெரியாது, அதற்கு நல்ல சட்டை! இருட்டும்வரை அசையவில்லை. நடுவில் ஒருதரம் என்னிடம் போனை நீட்டி, "இது சரியா வேலை செய்யுதான்னு பாரு. ரொம்ப நாளா அடிக்கவே இல்ல" என்றார். நீங்களே கூப்பிடுங்களேன் என்றேன். "அவளுக்கு அங்க என்ன வேலையோ. தொந்தரவு பண்ணக் கூடாது" என்றார். அடுத்த ஞாயிறும் அதே சட்டை, அதே நாற்காலி.

எனக்கு உன் மேல் எவ்வளவு பொறாமை வந்தது என்று எழுதினால் இந்தக் காகிதம் தாங்காது. அந்தப் போனைப் பிடுங்கி எறியலாமா என்று இருந்தது. அதற்குப் பிறகுதான் உறைத்தது. மார்ச் மாதத்திலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் அவர் இப்படித்தான் உட்கார்ந்திருக்கிறார். என் கார் ஏரிக்கரையில் நின்றதால் நீ கூப்பிடவில்லை. நீ பார்ப்பாய் என்பதால் நான் அங்கே நிறுத்தினேன்.

உன்னை மூன்று தடவை கூப்பிடப் போய், வைத்துவிட்டேன். சொன்னால் நீதான் ஜெயித்தாய் என்று என் வாயாலேயே சொன்னதாகிவிடும். இப்போது சொல்லிவிட்டேன்.

இன்று ஞாயிற்றுக்கிழமை. அவர் முகம் கழுவப் போனபோது, பார்த்துக்கொண்டு இருக்க முடியாமல் கிளம்பி வந்துவிட்டேன். காருக்குள் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். உள்ளே ஜில்லென்று இருக்கிறது.

அணைத்துவிடு, அக்கா. இங்கே நான் மட்டும்தான் இருக்கிறேன். அப்பா வீட்டில் இருக்கிறார். அவருக்குப் போன் பண்ணு.

சுண்டெலி